செவ்வந்திக்கு வந்த இரண்டு கொட்டேஷன்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே உறுதியில்லை. வருஷம் தொண்ணூற்று நான்காக இருக்கலாம். நிறையப் படிக்கிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு, பிறர் எழுதிய வரிகளை அவன் மனம் கேட்காமலே திருத்திவிடும். இதில் வரும் இரண்டு கவிதைகளும் நான் இங்கே சொல்வதைவிட மோசமாக இருந்திருக்கக்கூடும்.

பீளமேட்டில் மருதாசலம் ஐயாவின் பம்புசெட் கம்பெனியில், பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். இரண்டு இடத்திலாவது கொட்டேஷன் கேட்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை. செம்புக் கம்பிக்கும் அப்படித்தான், ஆயுதபூஜைப் பொரிகடலைக்கும் அப்படித்தான். மகள் செவ்வந்தி, எங்கள் டிசைன் பிரிவுக் கௌதமனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லி, அவன் தனக்கு எழுதிய கவிதையைச் சாட்சியாக நீட்டியபோது அவர் கோபப்படவில்லை.

“ஒரே பார்ட்டிகிட்ட வாங்கி முடிவு பண்றதில்ல அம்மணி” என்றார்.

ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருந்த தம்பிதுரையை அவர் ஏற்கெனவே மாப்பிள்ளையாகப் பேசி வைத்திருந்தார். பெண்ணின் போட்டோவும் போயிருந்தது. அன்றே தம்பிதுரைக்குப் போன் போட்டு, பெண்ணைப் பாராட்டி, ஒரு பக்கத்துக்கு மிகாமல், வெள்ளிக்கிழமைக்குள் கவிதை வேண்டும் என்றார். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம். கவிதை ஒட்டிய உறையில் வந்து சேர்ந்தது.

ஒப்பிட்டுச் சொல்ல என்னை அழைத்தார். நான் சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் படிப்பவன், பேசாதவன். பேசாததை அவர் ஆழம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். எது தேறுகிறதோ அதை எழுதியவனுக்கே அவளைக் கொடுப்பது என்பது ஏற்பாடு.

கௌதமன் எழுதியது:

நீ நிலா, நான் வானம்.
நீ அருவி, நான் பாறை.
நீ சிரித்தால் பூக்களெல்லாம் ராஜினாமா செய்யும்.

“பூராம் பேக்கிங்காவே இருக்குதே தம்பி. ஐட்டம் எங்க?” என்றார் மருதாசலம்.

தம்பிதுரை எழுதியது:

மாசாணியம்மன் கோயிலில் நீ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாய்.
கண்ணில் நீர் வந்தது, கை நிற்கவில்லை.
உன் எதிரி யாரோ, அவனுக்காகப் பயந்தேன்.
அத்தனை கவனம் ஒருநாள் என்மேல் விழாதா என்றும் ஏங்கினேன்.

அநியாயத்துக்கு ஆளானவர்கள் அம்மனிடம் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுகிற ஆனைமலைக் கோயில் அது. நான் இரண்டு தாளையும் இன்னொரு முறை படித்தேன். அப்புறம், முதல் கவிதையில் பாராட்டு இருக்கிறது, ஆனால் பெண் இல்லை என்றேன். இரண்டாவதில் பெண் இருக்கிறாள், பாராட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மருதாசலம் மகளைப் பார்த்தார். “யாரு மேல அம்மணி மொளகா அரைச்ச?”

“இந்த மாப்பிள்ளை மேலதானுங்கப்பா. இந்தச் சம்பந்தம் நின்னு போகோணும்னு.”

“அப்ப சரக்கு சரியான அட்ரசுக்குத்தான் போயிருக்குது” என்று சொல்லிவிட்டு, பேரம் பேசிப் பார்க்கலாம் என்று கௌதமனை மேலே வரச் சொன்னார்.

“நிலாவை எடுத்துப்போடலாமா தம்பி?”

“எடுத்துரலாமுங்க சார்.”

“அருவி?”

“அதுவும் வேண்டாமுங்க.”

“பூவு?”

கௌதமன் செவ்வந்தியை ஒருமுறை பார்த்தான். “உங்க இஷ்டமுங்க சார்.”

நிலாவோடு வானம், அருவியோடு பாறை, பூவோடு சிரிப்பு என்று அவர் பேனாவால் அடித்தது போக ‘நீ’, ‘நான்’ என்ற சொற்கள் மட்டும் மிஞ்சின. அதுவே நல்ல கவிதை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு ஆனைமலைக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

“மாப்பிள்ளை, கண்ணுல தண்ணி வந்ததை மட்டும் எடுத்துப்போடுங்க. படிக்கறவங்க ஒருமாதிரி நெனைப்பாங்க.”

“வந்துச்சுங்களே மாமா.”

“அந்த எதிரியே நீங்கதானுங்களாமா.”



“அப்படிங்களா” என்றார் தம்பிதுரை. “அப்பவும் மாத்த வேண்டாமுங்க மாமா. நான் பார்த்ததத்தானுங்களே எழுதியிருக்கறேன்.”

மருதாசலம் போனை வைத்தார். “ஆர்டர் கௌதமனுக்குத்தான். எறங்கி வாரவன்கிட்டத்தான் நாளைக்கு ஒரு பேச்சுப் பேச முடியும்.”

செவ்வந்தி கேட்டது கிடைத்துவிட்டது. அவள் அடித்தல் விழுந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கேட்டவுடனே நிலாவைக் குடுத்துப்போட்டீங்க” என்றாள்.

“உன்னைக் கட்டிக்கறதுக்குத்தானே” என்றான் கௌதமன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“பூவையாச்சும் வெச்சிருக்கலாமுங்க.” அப்பாவின் பக்கம் திரும்பினாள். “ஆனைமலைக்கு ஒருநடை போலாமுங்கப்பா.”

“மறுபடி மொளகா அரைக்கவா?”

“இல்லீங்க. ஆளைப் பார்த்துட்டு வரலாம்.”

அடுத்த தை மாதம் செவ்வந்திக்கும் தம்பிதுரைக்கும் கல்யாணம் நடந்தது. ஆனைமலையில் இருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள். கௌதமன் ஓசூரில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டான். மருதாசலம் ஐயா காலமாகிவிட்டார், கம்பெனியை விற்றுவிட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.