ரொட்டியோடு போன உப்பு

ரொட்டியை விட்டுப் பதினோராம் நாள் காலை, கிரேன் ஏணியில் பாதி ஏறும்போதே ஷவ்கிக்குக் கெண்டைக்கால் சதை சுருட்டி இழுத்தது. கம்பியைக் கட்டிப்பிடித்து நின்று, வலி விட்டதும் மறுபடி ஏறினான். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தான். கீழே நின்ற ஃபரக் பார்த்துவிட்டான். ஷவ்கியின் மனைவி இன்ஸாஃபின் ஒரே தம்பி அவன். எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் ஷவ்கி கப்பலிலிருந்து இறக்கும் கன்டெய்னர் பெட்டிகளை லாரியில் சரியாக உட்காரவைப்பது அவன் வேலை.

"என்ன மச்சான், நூறு வயசுக் கிழவன் மாதிரி ஏறுற?"

"நீ கீழ உன் வேலையப் பாரு."

ஏறுவதற்கு முன் ஊறுகாய்ப் பை ஒன்றை ஃபரக் அவன் சட்டைப் பைக்குள் திணித்திருந்தான். காரட்டும் டர்னிப்பும் உப்புத் தண்ணீரில் மிதக்கும், நூல் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பை.

"ரொட்டி இல்லாம ஊறுகாயா? உனக்கென்ன பைத்தியமா?"

"சும்மா மோந்தாவது பாரு. மூஞ்சி செத்துக் கிடக்கு."

செத்துத்தான் கிடந்தது. கம்பெனி டாக்டர் சென்ற மாதம் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை நாற்பது நாளில் இறங்காவிட்டால் கிரேன் கேபினை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது வருடம் உட்கார்ந்த இருக்கை அது. ஷவ்கியின் பிடிவாதம் ஊரறிந்தது. நாலு வாரம் யோசித்தான், அப்புறம் ரொட்டி, சோறு, மக்ரோனி மூன்றையும் ஒரே நாளில் தலைமுழுகினான்.

அதோடு இன்னொன்றும் போனது, அது அவனுக்குத் தெரியவில்லை. இன்ஸாஃபுக்கு ரத்தக்கொதிப்பு. ஆறு வருடமாக அந்த வீட்டு அடுப்பில் ஏறும் எதிலும் உப்பு விழுவதில்லை. வேண்டியவர்கள் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான். தொட்டுக்கொள்வது என்றால் ரொட்டியைப் பிட்டுத் தொடுவது. ரொட்டியே இல்லாதவன் எதைக் கொண்டு தொடுவான்? பதினோரு நாளும் உப்பில்லாத கோழியையும் உப்பில்லாத கீரையையும், ஏதோ தவம் செய்கிறவன் மாதிரி பெருமையோடு தின்றான். தலை சுற்றினால் தண்ணீர் குடித்தான். குடிக்கக் குடிக்க இன்னும் சுற்றியது.

பத்தரை மணிக்கு ஒரு பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தான். கேபினுக்குள் வெயில் கொதித்தது. கண்ணாடித் தரை வழியே கீழே பார்த்தான். லாரி, அதன் மேல் ஒற்றைக் கால் வைத்து நிற்கும் ஃபரக், நடுவே தொங்கும் இருபது டன். இறக்கும் பிடியைத் தள்ளினான். பெட்டி இறங்கத் தொடங்கியது.

அப்போதுதான் பார்வை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. சரி, நிறுத்துவோம் என்று பிடியை விடப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. கெண்டைக்காலை இழுத்த அதே இழுப்பு உள்ளங்கையில் இழுத்து, பிடியைக் கவ்விக்கொண்டது. பெட்டி இறங்கிக்கொண்டே இருந்தது.

ரேடியோ கரகரத்தது. "மச்சான், மெதுவா. மச்சான், போதும், நிறுத்து. காது கேக்கலையா உனக்கு?"

பயம் என்றால் அதுதான் பயம். இடது கையால் வலது கைவிரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடியது. கீழே ஃபரக் பின்னால் சாய்வது மங்கலாகத் தெரிந்தது. குதிக்க இடமில்லை, அந்தப் பக்கம் இன்னொரு லாரி. விரலை விட்டுவிட்டு, இடது முழங்கையால் அவசர நிறுத்தப் பொத்தானை இடித்தான். கிரேன் மொத்தமும் குலுங்கியது. பெட்டி நின்றது. ஃபரக்கின் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது.

ஃபரக் நகர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் ஷவ்கிக்கு மூச்சு வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர்ப் பாட்டில் காலி. ஈரமாக இருந்தது சட்டைப் பையில் கிடந்த பை ஒன்றுதான். நூலைப் பல்லால் கடித்து, ஊறுகாய்த் தண்ணீரை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டான். உப்பு தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. இத்தனை நாளும் உடம்பு கேட்டது இதைத்தான் என்று அந்த முதல் மடக்கிலேயே அவனுக்குப் புரிந்துபோனது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக விரிந்தன. பெட்டியை உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினான்.

கீழே மேற்பார்வையாளர் பஹ்கத் வந்து நின்றார். "என்ன நடந்தது?"

ஃபரக் முந்திக்கொண்டான். "காத்துங்க. திடீர்னு ஒரு காத்து."

துறைமுகத்தில் ஒரு கொடிகூட ஆடவில்லை. ஃபரக் மச்சானின் முழங்கையைப் பிடித்து, காதோடு சொன்னான். "வாயத் திறக்காத. ஒரே தட்டுல ரொட்டியும் உப்பும் தின்னவங்க நாம. நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்."

சொல்லும்போதே இன்னொரு கையால் தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அதை ஷவ்கியால் தாங்க முடியவில்லை.

"பதினோரு நாளா நான் ரெண்டையும் தின்னலையேடா" என்றான். பிறகு பஹ்கத் பக்கம் திரும்பினான். "காத்து இல்லீங்க. என் கை. பிடிச்சு இழுத்துக்கிச்சு, கண்ணும் இருட்டிடுச்சு. இவன் தலை தப்பினது அல்லாஹ் புண்ணியம்."

கேபின் சாவியை அவனே எடுத்து நீட்டினான். பஹ்கத் வாங்கிக்கொண்டார். "டாக்டர் சொல்ற வரைக்கும் ஏணியத் தொடாத. சொல்வாரோ மாட்டாரோ, அது என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் லாரி நிழலில் உட்கார்ந்தார்கள். ஃபரக் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"சக்கரை இறங்கிப்போச்சா மச்சான்?"

"சக்கரை இல்லடா. உப்பு. ரொட்டிய விட்டேன், அதுவும் கூடவே போயிடுச்சு."

ஃபரக் ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு, பையில் மிச்சமிருந்த ஊறுகாயில் தொட்டு நீட்டினான். ஷவ்கி ரொட்டியை அவன் கையிலேயே விட்டுவிட்டு, பைக்குள் விரலை விட்டு ஒரு காரட்டை எடுத்து மென்றான்.