சி3-இல் ஒரு யானை

"சி5" என்றாள்.

அண்ணன் சதுரங்கப் பலகையிலிருந்து நிமிர்ந்தான். "சிசிலியன் ஆட்டமா? எடுத்த எடுப்பிலேயே சண்டையா?"

அவள் காயை நகர்த்தினாள். காலையிலிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடித்த விரல்கள். கறுப்புச் சிப்பாயைத் தூக்கவே வலித்தது. பந்தயம் சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, ரகசியமாகப் பேசியது. தோற்றவர் வீட்டில் இனி அப்பா. வெட்கங்கெட்ட பந்தயம்தான். மூன்று வருஷமாக, "அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய்தா வாங்கியவனை வேறெப்படி மடக்குவது?

அப்பா அடுத்த அறையில், படுத்த படுக்கையாக. பார்வை போனதிலிருந்து அவள் வீட்டில் ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆடுவார்கள். அவர் படுத்தபடியே மனசுக்குள் பலகையை விரித்துக்கொண்டு, "ஏண்டா, கண்ணு எனக்குப் போச்சா, உனக்கா? மந்திரி அநாதையா நிக்குது பாரு!" என்று கத்துவார். இன்று சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் போல.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தன் ராஜாவை ஒரு மூலையில் ஒளித்துவிட்டு, மறுபக்கம் சிப்பாய்களை மேலே ஏற்றினான். எச்4. எச்5. எச்6! அவள் ராஜாவின் வாசற்படியில் கால் வைத்துவிட்டான்.

அவள் கொட்டாவி விட்டாள். பிறகு சொன்னாள்: "யானை சி3. வெட்டு."

"குதிரைக்கு யானையா? தூக்கக் கலக்கமாடி?"

சிரித்துக்கொண்டே சிப்பாயால் யானையை வெட்டினான். சிரிப்பு நீடிக்கவில்லை. அவன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்ச் சுவர் இடிந்து கிடந்தது. கறுப்பு ராணி உள்ளே நுழைந்தாள். தோல்வியை ஒப்புக்கொண்டு அண்ணன் தன் ராஜாவைத் தானே சாய்த்தான்.

"உன் அண்ணிகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"தோத்துட்டேன்னு சொல்லு."

"சி3-ல இருந்த குதிரையை முன்னாடியே டி5-க்குத் தூக்கியிருக்கணும்டா," அடுத்த அறையிலிருந்து குரல். "இவளுக்கு மூச்சு முட்டியிருக்கும்."

இருவரும் அந்த அறைப் பக்கம் திரும்பினார்கள். அண்ணன்தான் கேட்டான்.

"தெரிஞ்சுமா சொல்லலை? என்ன பந்தயம்னு தெரியுமாப்பா?"

"கண்ணுதான் போச்சு. குழாய்ச் சத்தத்துலயும் காது கேக்குது." குரல் தணிந்தது. "பாவம், ஆட்டத்து நடுவுல கொட்டாவி விட்டாடா."

அண்ணன் அவரைத் தூக்கப் போனான். தோளைப் பிடித்து இழுத்தான்.

"அப்படி இல்லண்ணா. முதுகுக்கு அடியில கை குடு."

எப்படியென்று செய்து காட்டினாள். அப்பாவின் பாரம் மெல்ல அவன் கைக்கு மாறியது. அவன் வாசலைத் தாண்டிய பிறகும், அவள் கைகள் ஏந்தியது ஏந்தியபடியே இருந்தன.