இரண்டு கையாலும் எடுத்த சட்டி

இடைக்கால உத்தரவு வந்த அன்றே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? ஜெயித்துவிட்டோம் என்று ராஜபாளையம் முழுக்கத் தண்டோரா போடாத குறை.

என் வீட்டுக்காரர் வீரணன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் அவருடைய வலது கை நரம்பை அறுத்துவிட்டது. விரல்கள் இருக்கின்றன, மடங்காது. ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. மில்காரர்களோ, அவர் எங்கள் ஆளே இல்லை என்று சாதித்தார்கள். இழப்பீட்டு வழக்கு போட்டோம். 'இவர் மில் ஆள்தான், வழக்கு முடியும்வரை வைத்தியச் செலவைக் கொடுங்கள்' என்று வழக்கை விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரி உத்தரவு போட்டார். அதை எதிர்த்து மில் மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போய் அங்கேயும் தோற்றது.

"இது பாதி வெந்த சோறும்மா. கை எம்புட்டு போச்சுங்கிறது இனிமேத்தான் முடிவாகும்" என்றார் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலம்மா பரிபூரணம்.

எனக்கு எங்கே காது கேட்டது? மில் ஆள்தான் என்று உத்தரவு வந்தால் அவர் தீச்சட்டி எடுப்பார் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். சாமி காரியத்தைத் தள்ளிப் போடலாமா? பங்குனிப் பொங்கலில் மஞ்சள் வேட்டி கட்டி அவரை நிறுத்தினேன். கொட்டுச் சத்தத்தில் அவருக்கு அருள் வந்துவிட்டது. வலது கை வழுக்கிச் சட்டி சரிந்தது. ஓடிப்போய் முந்தானையைக் கிழித்து, அந்தக் கையை இடது கையோடு சேர்த்துக் கட்டி, வேப்பிலையால் மறைத்தேன். கோயிலில் அருள் இறங்குமுன் அவிழ்த்தும் விட்டேன்.

தெளிந்தவர் தன் கையையே பார்த்துப் பார்த்து அழுதார், சிரித்தார். "ஏட்டி நாகு, ஆத்தா கை குடுத்துட்டா! அம்புட்டு தூரமும் ரெண்டு கையாலயும்லா தூக்கிருக்கேன்!"

விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. கட்டிவிட்டது தெரிந்தால் நேர்த்திக்கடன் செல்லாது என்று ஊரும் சொல்லும். மறுநாளும் விரல் மடங்கவில்லை; கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும் என்று இவர் நம்பினார்.

அடுத்த வாய்தாவில் மில் வக்கீல் ஒரு செல்போன் வீடியோவைக் காட்டினார். இரண்டு கையாலும் சட்டியை ஏந்தி வருகிறார் வீரணன்.

"உன் கைதானா?"

"எங் கைதான்யா. ஆத்தா குடுத்தா" என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. கைக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று இறுதி உத்தரவு வந்தது.

நேற்று வக்கீலம்மாவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பீலில் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஹைகோர்ட்ல சட்டத்துல தப்பு இருக்கான்னுதாம்மா பாப்பாங்க. கை வெளங்குமா வெளங்காதாங்கிறது இங்கேயே முடிஞ்சுபோச்சு. அன்னைக்கே கூண்டுல ஏறிச் சொல்லியிருந்தா அவங்கள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேனே!"

"இப்பச் சொல்லுதேன்மா."

"இப்ப யாருகிட்ட சொல்லுவ?"

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அப்பீலுக்கு வழியில்லையாம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். என் கையால் அவரைக் கெடுத்துவிட்டு மற்றதை எந்த முகத்தோடு சொல்வேன்?

இடது கையால் அந்த வலது கையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்:

"மதுரையில முடியலைன்னா ஆத்தாகிட்ட அப்பீல் போடுவோம்ட்டி. வாற பங்குனிக்கும் நான் சட்டி எடுக்கேன்னு நேந்துக்கோ. இந்தத் தடவை முழுசா குடுத்துருவா."

சரி என்றேன்.