தங்கராசு உட்கார்ந்த இடம்

2006ஆம் ஆண்டு ஐப்பசியிலிருந்து தங்கராசு உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் ஊறியது. நின்றால் ஊறாது, நடந்தால் ஊறாது, படுத்தாலும் ஊறாது. உட்கார்ந்து கால் மணி நேரம் ஆனால் தரை கசியும். அரை மணியில் கணுக்கால் மூழ்கும். மண் தரை, சிமெண்டுத் தரை, பஸ், மாடி என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. கம்மாபுரம் பக்கத்தில் அவருக்கிருந்த ஒன்றரை ஏக்கரும் கிணறும் வீடும் அந்த வருடம்தான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டுப் போயிருந்தன. மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. ஐம்பது வயதில் விருத்தாசலத்துக்கு வந்து ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்கும் வேலையில் சேர்ந்தார். தண்ணீர் சுத்தமாகவே இருந்தது. குழாயில் வராத நாட்களில் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து, "செத்த நேரம் உக்காருங்கண்ணே" என்று கேட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கம்பெனிக்குத்தான் அது ஒத்துவரவில்லை. உலர்த்தும் கொட்டகையில் ஒருநாள் அவர் அசதியில் உட்கார்ந்துவிட, இன்னும் சூளைக்குப் போகாத நானூறு பச்சைக் கோப்பைகள் கரைந்து சேறாகின. முதலாளி நல்லமுத்து சத்தம் போடவில்லை. "நின்னுக்கிட்டே வேலை செய்யறதுன்னா செய்யுங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால வச்சுக்க முடியாதுங்க" என்றார். அன்று முதல் தங்கராசு நின்றபடியே வேலை செய்தார், நின்றபடியே சாப்பிட்டார், கல்யாணம் காதுகுத்து என்று யார் அழைத்தாலும் வாசலோடு திரும்பினார். ஒன்றரை வருடத்தில் இரண்டு காலும் வீங்கி, எந்தச் செருப்பும் சேராமல் போயிற்று.

அதே கம்பெனியில் கோப்பைகளுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள் அமிர்தம். நாற்பத்தொரு வயது, புருஷன் இல்லை, துர்கா என்று ஒரே மகள். களிமண் தூசியில் இருமல் பிடித்துவிட்டதால் வேறு வேலை தேடியவளுக்கு, பெண்ணாடத்தில் ஒரு மாணவியர் விடுதிக்கு வார்டன் வேண்டும் என்றும், கவுன்சலிங் என்னும் ஆலோசனைத் திறனுக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர்களைத்தான் எடுப்பார்கள் என்றும் தெரியவந்தது. 2008 சனவரியில் அந்தப் படிப்பில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, ஆறு மாதம், ஒரு பள்ளிக்கூட மாடியில். படிப்பு முடிய வேண்டுமானால் யாராவது ஒருவரோடு ஆறு முறை உட்கார்ந்து பேசி, அதை எழுதிக் கொடுக்க வேண்டும். அமிர்தம் தங்கராசுவைக் கேட்டாள். அவர் முதலில் தண்ணீரைப் பற்றி எச்சரித்தார். பிறகு சம்மதித்தார்.

சாப்பாட்டு வேளையில், உடைந்த கோப்பைகளைக் கொட்டும் மேட்டுக்குப் பின்னால் இரண்டு மரப்பெட்டிகளைப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் நாள் அமிர்தம், "நெலம் போனது ஒங்களுக்கு மட்டுமாண்ணே? ஊரே போச்சு. மனச தேத்திக்கிட்டு ஆக வேண்டியத பாருங்க" என்றாள். கால் மணியில் வர வேண்டிய தண்ணீர் ஐந்து நிமிடத்தில் வந்து அவளுடைய டிபன் கேரியரை அடித்துக்கொண்டு போனது. அடுத்த ஞாயிறு வகுப்பில் ஆசிரியர் பழமலைநாதன், புத்தி சொல்வது வேறு, கேட்பது வேறு என்று பாடம் நடத்தினார். அமிர்தம் அதை இரண்டு முறை எழுதிக்கொண்டாள். இரண்டாம் நாள் குறிப்பேட்டில் இருந்தபடியே, "நீங்கள் மிகுந்த வருத்தத்தை உணர்கிறீர்கள், அப்படித்தானே?" என்று கேட்டாள். தங்கராசு அவளையே பார்த்தார். "என்ன அமிர்தம், ரேடியோவுல பேசுற மாதிரி பேசுற?" என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவள் குறிப்பேட்டைக் கொண்டுபோகவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. ஐந்தாம் நாள் அவர் கிணற்றைப் பற்றிப் பேசினார். எத்தனை முழம், எந்தப் பக்கம் ஊற்று, யார் யார் வெட்டினார்கள் என்பதையெல்லாம் சொன்னார்.

ஆறாம் நாள் அமிர்தம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நெலத்த எழுதிக் குடுத்துக் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு வூட்டுக்குப் போயி என்னண்ணே பண்ணீங்க?"

அவர் பேச ஆரம்பித்தார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது; இருவரும் எழவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தபோது, தண்ணீர் இருவருக்கும் இடுப்பளவு இருந்தது. சிப்பம் கட்டும் வைக்கோல் சுற்றிலும் மிதந்தது. அமிர்தத்துக்கு நீச்சல் தெரியாது. பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் நிறுத்தினார். தண்ணீர் தானாகவே வடிந்தது.

"நீ ஏன் எழுந்திரிக்கல?" என்று கேட்டார் தங்கராசு.

"நீங்க பேசி முடிக்கலியேண்ணே."

அதன் பிறகும் அவர் உட்கார்ந்தால் தண்ணீர் ஊறியது. ஆனால் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. நல்லமுத்து அவரைக் களிமண் கரைக்கும் தொட்டிப் பக்கம் மாற்றி, ஒரு ஸ்டூலும் போட்டுக் கொடுத்தார். கால் வீக்கம் இரண்டு மாதத்தில் வற்றியது.

ஆறாம் நாள் தங்கராசு என்ன சொன்னார் என்பது இந்த வரலாற்றில் இல்லை. அமிர்தம் யாரிடமும் சொல்லவில்லை. பழமலைநாதன் அறிக்கை கேட்டபோது, முதல் ஐந்து நாட்களைக்கூட அவள் எழுதியிருக்கவில்லை.

"பேரை மாத்தி எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க" என்றார் அவர்.

"பேரை மாத்திடலாம் சார். தண்ணிய எப்படி மாத்துறது? இந்த ஊர்ல அப்படி ஒருத்தருதான் இருக்குறாரு."

"சம்பந்தப்பட்டவர் சம்மதிச்சா எழுதலாமே. கேட்டுப் பாருங்க."

கேட்டாள். தங்கராசு ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். "வேணாம் அமிர்தம்" என்றார். "சரிண்ணே" என்றாள். ஆசிரியர் வருத்தப்பட்டார், ஆனாலும் அறிக்கை இல்லாமல் மதிப்பெண் போட அவருக்கு வழியில்லை. வேறொருவரோடு ஆறு முறை உட்காரவும் நாள் இல்லை. அந்த வருடம் சான்றிதழ் வரவில்லை; பெண்ணாடம் விடுதிக்கு வேறொருவர் வார்டனாக வந்தார்.

வீட்டில் துர்கா நான்கு நாள் அம்மாவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "யாரோ ஒரு ஆளுக்காவ இருமிக்கிட்டே கெடப்பியாம்மா? அப்படி என்னதான் சொன்னாரு அவரு?" என்றாள்.

"இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டாள் அமிர்தம்.

துர்கா தட்டை நீட்டினாள். அம்மா மறுபடி பணம் கட்டி, மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியேறி, பரீட்சை பயத்தில் இருந்த ஒரு பெண்ணோடு ஆறு முறை உட்கார்ந்து, 2009 பங்குனியில் சான்றிதழ் வாங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வார்டன் வேலை எங்கும் காலியாக இல்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கும் மங்களூரில் ஓர் இடம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

அதற்கு முன்பாக, ஆவணியில் துர்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தங்கராசுவுக்குப் பத்திரிகை வைக்கத் துர்காவே போனாள். அவர் வாங்கிக்கொண்டு, "வாசல்ல நின்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிடறம்மா. நான் உக்காந்தா பந்தி நனைஞ்சிடும்" என்றார்.

"நனையட்டும் மாமா. உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

போனார். மூன்றாம் பந்தியில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கும் நல்லமுத்துவுக்கும் நடுவில் அவருக்கு இலை போட்டார்கள். சாம்பார் முடிவதற்குள் மண்டபத்துத் தரை கசிந்தது. கணுக்கால்வரை ஏறி நின்றது. பெண்கள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்கள். பரிமாறியவர்கள் வாளியோடு தண்ணீரில் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் குனிந்து பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், "தம்பி, இந்தப் பக்கம் இன்னும் ரசம் வரல" என்று குரல் கொடுத்தார்.