நிறம் மாறிய தண்ணீர்

வீடுகளின் உட்புறத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். அதற்கான கம்ப்யூட்டரைக் கல்யாணமான புதிதில் கணவன் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்திருந்தான். சூடு தணிக்க, உள்ளே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்களில் நீலத் தண்ணீர் சுற்றி வரும். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன் அவன் இந்தத் தண்ணீரைத்தான் காட்டுவான்.

கொஞ்ச காலமாக அந்த நீலம் பழுப்பேறிக்கொண்டே வந்தது. குழாய்கள் கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கிவிட்டன. குழாய்களோடு சேர்ந்த சின்னத் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று. கீழே மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை.

“என்னங்க, இந்தத் தண்ணி எங்கதான் போகுது?”

“ஆவியாப் போகும். கொஞ்சம் ஊத்தினா சரியாயிடும்.”

ஊற்றினான். சரியாகவில்லை. தண்ணீரைத் தள்ளும் மோட்டார், தொண்டையைச் செருமுவதுபோல் சத்தம் போட ஆரம்பித்தது. அவளுக்கு வேலையில் மனம் ஓடவில்லை. மேசைக்கடியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் காலை உள்ளிழுத்தே வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பிடியாய் நின்றாள். “திறந்து பாருங்க. அதுக்கப்புறம்தான் நான் இதுல உட்காருவேன்.”

அவன் முனகிக்கொண்டே தண்ணீரை வாளியில் வடித்தான். சேறாக வந்தது. ரப்பர் வளையங்கள் விரல் பட்டதும் சுள்ளியாக ஒடிந்தன. சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டியில் பச்சைக் களிம்பு அடைத்துக் கிடந்தது. கடைசியாக, விசிறியை ஒட்டி இருந்து தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அதன் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் ஊசி முனையளவு ஓட்டைகள். கசிந்ததையெல்லாம் விசிறிக் காற்று உடனுக்குடன் உலர்த்தியிருக்கிறது.

“இது அலுமினியம்,” என்றான் மெல்ல. “விலை கம்மின்னு வாங்கிட்டேன். செம்பும் இதுவும் ஒரே தண்ணியில இருந்தா அரிச்சிடுமாம். அப்ப எனக்குத் தெரியாது.”

“அக்காவுக்கும் நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க? அதுலயும் இதேதானா?”

அவன் தலையசைத்தான். அவள் உடனே தன் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா சாவகாசமாக எடுத்தாள்.

“கம்ப்யூட்டரா? அதுக்கென்ன, ஓடிக்கிட்டுதான் இருக்கு. நடுவுல கரகரன்னு கத்துச்சு, அப்புறம் தானா அடங்கிடுச்சு. ஏதோ வாசனை மட்டும் வருது.”

அவன் போனைப் பிடுங்கினான். “அண்ணி, அதைத் தொடாதீங்க. நேரா போய் மெயின் ஸ்விட்சை அணைங்க. பொண்ணை அந்த ரூம் பக்கம் விடாதீங்க.”

அவன் குரலில் இருந்த எதுவோ அக்காவை எதிர்க்கேள்வி கேட்கவிடவில்லை. அணைத்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேசைக்கடியில் விரிப்பு ஈரமாக இருந்தது. சொட்டிய தண்ணீர் பிளக் போர்டின் மேலேயே விழுந்திருந்தது. அதன் ஒரு பக்கம் உருகிக் கருகி, விரிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இனிப்பும் கருகலுமாக ஒரு நாற்றம். அக்கா மகள் வெறுங்காலோடு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டப் போகிறாள் என்று அவள் பயந்தாள். அக்காவோ மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

“தம்பி, வேற யாருக்கெல்லாம் இப்படிச் செஞ்சு குடுத்திருக்கீங்க?”

அவன் போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் நிறுத்தி, அழுத்தி, காதில் வைத்தான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.