ராசியக்கா எழுதிய கடைசி வரி

ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி. இதுதான் அவளுடைய ஆபீஸ். ஆனால் அவள் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவுடன் போனால் வேலை நிச்சயம் என்று பேர். அதனால் எல்லாருக்கும் அவள் ராசியக்கா. வேலை கிடைத்தவர்கள் யாரும் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "காரியம் ஆனதும் கழட்டி விட்டுடுவானுங்க, நன்றிகெட்டவனுங்க" என்று அலுத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அவள் தொழில் ரகசியம் ஒன்றும் பெரிசில்லை. போன ஆளுக்கு அடித்த கடிதத்தையே திறப்பாள், பேரையும் முகவரியையும் மாற்றுவாள். கடைசி வரியை மட்டும் தொடமாட்டாள்: "தனியாளாகப் பொறுப்பேற்று, எந்தச் சூழ்நிலையிலும் தயங்காமல் பணியாற்றுவேன்." அந்த வரியில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

தம்பிக்கும் அப்படித்தான் அடித்தாள். ஒரு பாய்லர் ரூமில் தரையைக் கூட்டி, அழுத்தமானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன். அவள் விரல் பட்டதும் 'பாய்லர் ஆபரேட்டர்' ஆகிவிட்டான்.

"அக்கா, எனக்கு அது ஓட்டத் தெரியாதே!"

"துடைச்சேன்னு எழுதினா துணியைத்தான் கையில கொடுப்பாங்க. வாயை மூடிட்டு உட்காரு. போனா தானா பழகிடும்."

சாயம் ஏற்றும் மில்லுக்குத்தான் மனு. அங்கே பாய்லருக்கு எப்போது பார்த்தாலும் ஆள் தேவை. அவளே அதற்கு முன்பும் பலருக்கு எழுதியிருக்கிறாள். மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். நேர்முகம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. சான்றிதழைக்கூடக் கேட்கவில்லையாம். "பார்த்தியா என் ராசியை!" என்று பீற்றிக்கொண்டாள்.

சில நாள் கழித்துத் தம்பி போன் பண்ணினான். குரலே சரியில்லை.

"அக்கா, அழுத்தம் ஏறினா தானா திறக்குமே ஒரு வால்வு, அதைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. திறந்தா ஆவி வீணாப் போகுதாம், வேலை தாமதமாகுதாம். ஏன்னு கேட்டா, 'நீதானே அனுபவசாலி, உனக்குத் தெரியாதா?'ங்கிறாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்குறது?"

அவள் போனைக்கூட அணைக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு மில்லுக்கு ஓடினாள்.

மேனேஜர் மரியாதையாக உட்காரச் சொன்னார். அவளுக்கு உட்கார எங்கே பொறுமை! "ஐயா, நான் பொய் எழுதிட்டேன். என் தம்பிக்கு பாய்லரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கூட்டிப் பெருக்கினவன். அவனை அனுப்பிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தெரியும்மா" என்றார் மேனேஜர்.

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் முன்னால் விரித்தார். ஒவ்வொரு கடிதமும் வேறு வேறு பேர். ஒவ்வொன்றின் அடியிலும் அவளுடைய அதே வரி.

"வேலை தெரிஞ்சவன் அந்தக் கம்பியைப் பார்த்தா அடுத்த நிமிஷமே கிளம்பிடுவான். போறவன் சும்மாவா போவான், ஊரெல்லாம் சொல்லிட்டுப் போவான். பொய் எழுதிட்டு வந்தவன் வாயைத் திறக்கமாட்டான். அதனால மனு வந்ததும் நான் முதல்ல பார்க்கிறது இந்த வரியைத்தான். உங்க கடை சரக்குன்னு தெரிஞ்சிடும்."

அவள் ஒவ்வொரு பேராகப் புரட்டினாள். "இவங்கல்லாம் இப்ப எங்கே?"

"நின்னுட்டாங்க." அவர் ஃபைலை மூடினார். "வெளியில சொல்லுவீங்களா என்ன? எழுதினது நீங்கதானே. நல்லவேளை, நீங்களே வந்தீங்க. பாய்லருக்கு யாராவது கேட்டு வந்தா ஒண்ணு அடிச்சு வையுங்க. ஆள் தேவைப்படும்."

"என் தம்பி இருக்கானே! இன்னொரு ஆள் எதுக்கு?"

மேனேஜர் ஃபைலை அலமாரியில் திருப்பி வைத்தார். பேனாவை எடுத்து வேறெதிலோ கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அடப்பாவி! அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். வழியில் இருந்தவர்கள் யாரும் தடுக்கவில்லை. பாய்லர் ரூம் எங்கே என்று கேட்டதும் தள்ளி நின்றே கையைக் காட்டினார்கள். உள்ளே அனல் முகத்தில் அறைந்தது. தம்பி தனியாக நின்றுகொண்டிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தான். அழுத்தமானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "வாடா என் ராசா, போயிடலாம். எல்லாம் சொல்லிட்டேன், வா!"

அவன் பதறிப்போய் வாசலைப் பார்த்தான். "ஐயோ, மெதுவா பேசுக்கா! இவங்க நான் பெரிய அனுபவசாலின்னு நம்பிட்டிருக்காங்க. நீ எழுதிக் கொடுத்த வேலை, நீயே வந்து கெடுத்துடாதே."

அவன் காலை ஊன்றிக்கொண்டு நின்றான். அவள் பிடியை விடவில்லை. அவர்கள் தலைக்கு மேலே வால்வைக் கட்டியிருந்த கம்பி நடுங்கத் தொடங்கியது.