இருபத்திரண்டு குஞ்சுகள்

ஒரே ஒரு கோழிக்குஞ்சு செத்தாலும் கூண்டு உங்களுக்கு, டயர் அடுக்கிக்கொள்ளுங்கள் என்று சாப்பிடும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் தையல்காரி. அவள் வீட்டுக்காரன் பைக் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த மரக்கூண்டின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"சொன்ன சொல் மாறக்கூடாது, டெய்லர் மேடம்" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி வரும்? ஆறு மாதத்துக்கு முன்னால் பதினைந்து குஞ்சுகளைப் பின்னறையில் கண்ணும் கருத்துமாக வளர்த்துக் கூண்டுக்கு மாற்றினாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மேலே கிடந்த ஆறு உயிரோடு இருந்தன. அடியில் நசுங்கிய ஒன்பதும் போய்விட்டன. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார், செத்ததுகளை எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கைராசி இல்லம்மா. தையலோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.

சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். கேட்டவள் மறப்பாளா? கையை நம்பிப் பிழைக்கிறவளைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அந்தச் சொல் காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருந்த ஆறு குஞ்சுகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் கூண்டுப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள், யாரிடமும் கேட்காமல், இருபத்திரண்டு குஞ்சுகளை வாங்கிவந்து பின்னறையில் பெட்டி வைத்துச் சூட்டுக்குப் பல்பு கட்டினாள்.

போன தடவை குளிர்தான் கொன்றது என்பது அவள் போட்ட கணக்கு. அதனால் இந்தத் தடவை குளிருக்கு மெல்ல மெல்லப் பழக்கினாள். வாரத்துக்கு ரெண்டு இன்ச் என்று டேப் வைத்து அளந்து பல்பை மேலே ஏற்றினாள். ஒவ்வொரு உயரத்துக்கும் சுவரில் சாக்பீஸ் கோடு. நாலாவது வாரம் பகலில் பல்பை அணைத்தாள். கடைசி ஐந்து நாள் ராத்திரியிலும் கிடையாது, ஜன்னலும் திறந்தபடிதான். ஆறு வாரம் முடிந்தபோது குஞ்சுகள் உடம்பெல்லாம் இறகு முளைத்து, பார்க்க ஆளாகியிருந்தன.

இன்னும் நாலு நாள் பொறுத்து மாற்றலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நாத்தனாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் வீடு மூன்றாவது மாடி. ஒரு மாதம் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வீட்டில் படி ஏறாமல் போகக்கூடிய அறை அந்தப் பின்னறை ஒன்றுதான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்துவிடுவதாகப் போன் வந்தது.

"வரட்டும்" என்றாள் தையல்காரி. வெளிச்சம் வந்ததும் வேலையை ஆரம்பித்தாள். தைக்க வரும் துணிகளைப் போட்டு வைக்கும் கூடையில் நாலு நாலு குஞ்சாக எடுத்து, மேலே துணி மூடி, ஆறு நடை நடந்தாள். கடைசி நடையில் ரெண்டே ரெண்டு. அதில் ஒன்றுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர். பெட்டிக்குள் எதை வைத்தாலும் முதலில் வந்து கொத்திப் பார்த்துச் சரி சொன்னால்தான் மற்றதுகள் வாய் வைக்கும். இன்ஸ்பெக்டர் கூண்டின் மூலை முடுக்கெல்லாம் பார்வையிட்டு, தண்ணீர்த் தட்டைக் கொத்திவிட்டு, கூண்டை ஒட்டி வலைபோட்ட முற்றத்தில் இறங்கி மண்ணைக் கிளறத் தொடங்கியது. பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

பதினோரு மணிக்கு நாத்தனார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பின்னறை வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ரூம்ல என்ன வாசனை?"

"பினாயில் ஊத்திக் கழுவியிருக்கேன் அண்ணி."

"பினாயில் தெரியுது. அதுக்கு அடியில இன்னொன்னு தெரியுதே." சுவரில் இருந்த சாக்பீஸ் கோடுகளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "மறுபடியும் கோழியா?"

"ஆமா அண்ணி." அதற்குமேல் பேச்சு வளர்க்கத் தையல்காரிக்கு நேரமில்லை, மனசும் இல்லை.

பொழுது சாய்ந்தது. எல்லாக் குஞ்சையும் பிடித்துக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, உள்ளே கீச்சுக்கீச்சென்று ஒரே அமளி. திறந்து பார்த்தாள். இருபத்திரண்டும் வீட்டைப் பார்த்த மூலையில், காற்றுக்காக வைத்திருந்த சின்னக் கம்பி ஜன்னலுக்கு அடியில் முட்டி மோதிக்கொண்டு ஏறின. கையை விட்டுப் பிரித்து எதிர்ப்பக்கம் விட்டாள். திரும்ப ஓடி அதே மூலைக்கு வந்தன. மறுபடி பிரித்தாள், மறுபடி வந்தன. போன தடவையும் இதே மூலைதான்.

குளிரா? சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். வேறு ஏதோ இருக்கிறது. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிடலாமா என்று யோசித்தாள். கூண்டுக்கு மூச்சு விடும் வழியே அது ஒன்றுதான், அதை அடைப்பது கொலைக்குச் சமம்.

"என்ன, டயர் எடுத்துட்டு வரட்டுமா?" என்று பின்னாலிருந்து மெக்கானிக்.

"வாய மூடிட்டு இந்தக் கதவப் பிடிங்க."

மண்டி போட்டு, தலையையும் தோளையும் கூண்டுக்குள் நுழைத்தாள். மரத்தூள் மூக்கில் ஏறியது, ஒரு குஞ்சு கழுத்தில் ஏறி நின்றது. அப்படியே திரும்பி, குஞ்சின் கண் இருக்கும் உயரத்தில் கன்னத்தை வைத்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். நேர் எதிரே பின்னறை. அங்கே மஞ்சள் வெளிச்சம். அடடா, இதுதானா!

தலையில் மரத்தூளோடு ஓடிப்போய்ப் பின்னறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, லைட்ட அணைங்க."

நாத்தனார் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், நான் படிக்கிறது கோழிக்குப் பிடிக்கலையா?"

"ஆமா. அதான் விஷயம். ஆறு வாரம் இந்த ரூம்லதான் இருந்துச்சுங்க. இப்ப வெளிய இருட்டு, இங்க மட்டும் வெளிச்சம். அதப் பாத்துட்டு எல்லாம் ஒரே மூலையில ஏறி மிதிக்குதுங்க. இங்க இருட்டானா அங்கங்க படுத்துத் தூங்கிடும்."

"புது முட்டி. இருட்டுல எழுந்து விழுந்தா யாரு தூக்குறது?"

"எழுந்திருக்காதீங்க. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருங்க."

முப்பது வருஷம் அடுத்தவர்களை வாய் மூடி உட்காரச் சொன்னவளிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். புத்தகப் பக்கத்தில் விரலை வைத்தபடி சுவரிலிருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"போன தடவை வந்தப்பவும் இந்த ரூம்லதான படுத்திருந்தேன்?"

"ஆமா."

"கைல இருந்த புஸ்தகம் முடியற வரைக்கும் லைட்ட அணைக்கலையே நான். விடிஞ்சிடுச்சு."

அந்தக் கணம்வரை தையல்காரிக்கு அது தோன்றவில்லை. தோன்றியதும் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறு மாதம்! இவள் லைட்டைப் போட்டு வைத்ததற்கு, என் கையை நானே அல்லவா திட்டிக்கொண்டு இருந்தேன்!

நாத்தனார் கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டினாள். அறை இருட்டாகிவிட்டது.

"உன் கையச் சொன்னது தப்பு" என்றது இருட்டுக்குள்ளிருந்து குரல். "லைட்டப் போட்டு வச்சவ நான். போ, போய்க் குஞ்சப் பாரு."

"சண்டைய நாளைக்கு வச்சுக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கடைசித் தடவையாக ஒவ்வொன்றையும் பிரித்து விட்டாள். இந்தத் தடவை விட்ட இடத்திலேயே நின்றன. ஒன்று உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கீச்சுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒரு முனகலாகி நின்றுபோனது. கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் கூண்டுக் கதவைத் திறந்தாள். எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடி எண்ணினாள். இருபத்தொன்றுதான். மரத்தூளைக் கிளறப் போனவளின் தலையில் யாரோ கொத்தினார்கள். மேலே உட்காரக் கட்டியிருந்த குச்சியில் இன்ஸ்பெக்டர் தன்னந்தனியாக நின்று அவளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்து அவனும் எண்ணிப் பார்த்தான். அந்தப் பழைய டயரை உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான்.

அன்றைக்கு ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்ததில் பொழுது போனதே தெரியவில்லை. வெளியே இருட்டுவதைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்து, லைட்டை அணைக்கச் சொல்லப் பின்னறைக்கு ஓடினாள். அறை ஏற்கெனவே இருட்டாக இருந்தது. மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நானே எண்ணிட்டேன். இருபத்திரண்டும் உள்ள போயிடுச்சு" என்றாள் திரும்பாமலே. "கதவச் சாத்திட்டு வா. என்னவோ சண்ட போடணும்னியே."